ஒரு தடவைக்காரி

“ஏன்டி, ஒனக்கு வேற சோலி இல்லையா? லீவுக்கு வந்தமா, மீனைத் தின்னமா, தூங்குனமான்னு இல்லாம, பரண்ல ஏறி அந்தக் கேமராப் பொட்டிய எடுத்துக்கிட்டு வந்து, ‘அப்பத்தா இது யாரோடது, உள்ள என்ன இருக்கு’ன்னு நிக்கிறே. யாரோடதா இருந்தா ஒனக்கென்ன? கையை எடு. மூடியில வெரல் பட்டுச்சு, வெரலை ஒடிச்சிப்புடுவேன். கீழ வையி. இங்கிட்டு இல்லை, அங்கிட்டு. கேட்டுத் தொலைச்சிட்டே, சொல்லித் தொலைக்கிறேன். உக்காரு.”

பேத்தியைத் திட்டிவிட்டுத்தான் ஆரம்பித்தேன். அவள் எதிர்பார்த்தது அதற்குச் சொந்தக்காரம்மாவின் பெயரை. அது எனக்கே தெரியாது. என் வீட்டுப் பின்னறைக்குக் குடி வந்த அன்று பெயரைச் சொன்னாள். நான் இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்தேன், கட்டை கிறீச்சிட்டதில் காதில் விழவில்லை. “என்ன பேரு சொன்னீங்க?” என்று கேட்டேன். பதில் இல்லை. ட்ரங்குப் பெட்டியை உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கு வருகிற தபால்களில் பெயர் இருந்திருக்கும். எனக்குத் தெரிந்ததெல்லாம் என் கையெழுத்துக்கு வேண்டிய நாலு எழுத்து. அதில் அவள் பெயர் அகப்படவில்லை.

எங்கள் ஜெகதாப்பட்டினத்துக்கு மாற்றலாகி வந்த போஸ்ட் மாஸ்டர் அவள். ஐம்பது வயது இருக்கும். கல்யாணம் ஆகவில்லை. ஊர் முழுக்க அவளுக்கு வைத்த பெயர் ஒரு தடவைக்காரி. எதையும் ஒரு தடவைதான் சொல்வாள். இப்போது அவள் இவள் என்கிறேன், எதிரில் நின்றால் வாங்க போங்கதான்.

ஒரு தாத்தா பாரத்தில் கையெழுத்துப் போட வந்தார். “இங்க போடுங்க” என்று விரலை வைத்துக் காட்டினாள். அவர் வேறு இடத்தில் போட்டார். பேசாமல் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுப் பாரம் கொடுத்தாள். மறுபடியும் தப்பாகப் போட்டார். மறுபடியும் கிழித்தாள். மூன்று பாரம் கிழிந்தது, வாய் இரண்டாம் தடவை திறக்கவில்லை. “ஒரு வார்த்தை சொன்னா பாரம் மிச்சமாகும்ல?” என்று கேட்டேன். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு, அதுதான் சொல்லியாச்சே என்று அர்த்தம்.

என் இடியாப்பத்தைச் சாப்பிட்டுவிட்டு ஒரு நாள், “தேங்காப்பால் தண்ணியா இருக்கு” என்றாள். அதற்கப்புறம் ஒரு மாதம் அதே பாலைத்தான் ஊற்றினேன். ஒரு வார்த்தை பேசவில்லை, ஒரு வாய் பாலும் தொடவில்லை. சர்க்கரையைத் தொட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போனாள். அந்த மௌனத்துக்குப் பயந்து நான் பாலில் தண்ணீர் விடுவதையே விட்டேன்.

அந்த ட்ரங்குப் பெட்டி நிறையக் கேமரா, அப்புறம் வாங்கினதோடு சேர்த்துப் பதினேழு. கல்யாண வீட்டுக் கேமரா இல்லை. அந்தக் காலத்தில் வீட்டு ஆட்களைச் சினிமா பிடிக்கிற குட்டிக் கேமரா. சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிசு, கல்லு மாதிரி கனம். பக்கவாட்டில் ஒரு சாவி. கடிகாரத்துக்குக் கொடுக்கிற மாதிரி முறுக்கிவிட்டுப் பொத்தானை அமுக்கினால் கிர்ர் என்று ஓடும். பர்மாவிலும் மலேயாவிலும் சம்பாதித்த வீடுகளில் ஆசையாக வாங்கி வைத்ததை எல்லாம், பேரன்மார் தட்டுமுட்டுச் சாமானோடு தள்ளிவிட, அவள் காரைக்குடிக் கடைகளில் தேடிப் பொறுக்கியிருந்தாள்.

ஒரு தடவை நானும் கூடப் போனேன். கடைக்காரன் ஒரு விலை சொன்னான். இவள் ஒரு விலை சொன்னாள். அவன் காது கேட்காதவன் மாதிரி, “என்னம்மா சொன்னீங்க?” என்றான். அவ்வளவுதான், படியிறங்கிவிட்டாள். அறந்தாங்கி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. அவன் பேப்பரில் சுற்றின கேமராவை ஜன்னல் வழியாக நீட்டிக்கொண்டு பஸ்ஸோடு ஓடி வந்தான். பாவம், தொப்பை வைத்தவன்.

குடி வந்த அன்று இருந்த கேமராக்களை அலமாரியில் அடுக்கிவிட்டு என்னிடம் சொன்னாள். “எதை வேணும்னாலும் தொட்டுப் பாருங்க. மூடியை மட்டும் திறக்காதீங்க.” ஏன், எதற்கு, ஒன்றும் இல்லை.

அந்தக் கேமராவுக்கான ஃபிலிம் இங்கே கிடைக்காது. எங்கிருந்தோ கடல் தாண்டி வரும். ஆறு மாதத்துக்கு ஒரு சுருள். என் ஃபிரிட்ஜில் வஞ்சிரத்துக்குப் பக்கத்தில் வைத்திருப்பாள். முழுச் சுருளும் ஓடினால் நாலு நிமிஷம்கூட வராது. அதனால் படகுகள் கட்டுகிற ஜெட்டியில் போய் ஒரு மணி நேரம் நிற்பாள். சாவியை முறுக்குவாள், கண்ணில் வைப்பாள், இறக்கிவிடுவாள். “என்னம்மா, மெசினு மக்கர் பண்ணுதா?” என்று வலை தைக்கிறவர்கள் கேலி பண்ணுவார்கள். திடீரென்று ஒரு கிர்ர். நாலைந்து எண்ணுவதற்குள் முடிந்துவிடும். எடுத்ததை மறுபடி எடுக்க மாட்டாள். அந்த வாய் எப்படியோ அப்படித்தான் அந்தப் பொத்தானும்.

அது ஒரு திங்கட்கிழமை. போட்டுகள் கடலுக்குப் போகிற நாள். வெயில் ஏறுகிற நேரத்தில் ஜெட்டிக்குப் போய், ஆட்கள் போட்டில் ஏறுவதைப் பிடித்துவிட்டு வந்தாள். நான் சும்மா இருந்திருக்கலாம். மகன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பின சேலையைக் கட்டிக்கொண்டு அடுப்படியில் நின்றேன். “என்னையும் ஒரு படம் புடிங்கம்மா. செத்தா மாலை போடுறதுக்காச்சும் ஆகும்.”

கேமராவைத் தூக்கினாள். முந்தானை சரிந்த மாதிரி இருந்தது, குனிந்து பார்த்தேன். கிர்ர்.

“ஏம்மா, நான் குனிஞ்சிட்டேன். இன்னொரு தடவை எடுங்க.”

“எடுத்தாச்சு.”

இரவு முழுக்க அது என்னை அரித்தது. உச்சந்தலை மட்டும் விழுந்திருக்குமா, மூஞ்சியும் விழுந்திருக்குமா? மறுநாள் அவள் ஆபீசுக்குப் போனதும் அறைக்குள் போனேன். அந்தக் கேமராவை எடுத்தேன். மூடியில் ஒரு திருகுதான். திறந்தேன். ஆல்பத்தில் இருக்கிற மாதிரி உள்ளே நான் இருப்பேன் என்று நினைத்தேன். வெளிறிப்போன நாடா ஒன்று சுருண்டு கிடந்தது. அதில் நானும் இல்லை, கடலும் இல்லை, ஒரு காக்காகூட இல்லை. இந்த வெற்று நாடாவை வைத்துக்கொண்டா ஊரையே ஏமாற்றுகிறாள் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரித்து முடித்துவிட்டு மூடியைத் திருகி, இருந்த இடத்தில் வைத்தேன். யாரிடமாவது சொல்ல நாக்கு துடித்தது. திறந்தது தெரிந்துவிடுமே என்று அடக்கிக்கொண்டேன்.

அன்று மத்தியானம் மற்றப் போட்டுகள் திரும்பின. ஒன்று வரவில்லை. எல்லை தாண்டினதாக அக்கரை நேவிக்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று சாயங்காலம் சேதி வந்தது. புதன்கிழமை நாலு பேர் பட்டியலும் வந்தது.

பக்கத்து வீட்டு லூர்து என் மகள் மாதிரி. அவள் புருஷன் சவரியும் திங்கட்கிழமை காலையில் வீட்டைவிட்டுப் போனவன். புருஷன் பெண்டாட்டிக்குள் அன்று சண்டை. எங்கே போகிறேன் என்று சொல்லவில்லை, சார்ஜில் கிடந்த போனையும் எடுக்கவில்லை. அந்தப் போட்டில் போக வேண்டிய ஒருவனுக்குக் காய்ச்சல், அவனுக்குப் பதிலாக சவரி ஏறினான் என்று ஜெட்டியில் ஒரு பேச்சு. ஆனால் கடலுக்குப் போக மீன்துறை கொடுக்கிற டோக்கனில் எழுதின நாலு பேரில் காய்ச்சல்காரன் பெயர்தான் இருந்தது. பட்டியலும் அதை வைத்துத்தான். காய்ச்சல்காரனோ பயந்து பெண்டாட்டி ஊருக்குப் போய்ப் போனை அணைத்துவிட்டான்.

லூர்து போட்டுக்காரரிடம் போய் அழுதாள். ஆள் மாற்றி ஏற்றினது தெரிந்தால் அவருக்குப் போட்டு முடங்கிவிடும். “என் போட்டுல சீட்டுல உள்ள நாலு பேருதான் போனானுக. ஒன் புருசன் எவ வீட்டுக்குப் போனான்னு என்னைக் கேட்டா?” என்று சொல்லி அனுப்பிவிட்டார். பார்த்ததாகச் சொன்ன ஒன்றிரண்டு பேரும், அவர் பெயரைக் கேட்டதும், “சரியாத் தெரியலைத்தா” என்று நழுவினார்கள். வெள்ளிக்கிழமை மீனவர் சங்கத்து ஆட்கள் புதுக்கோட்டைக்குப் போய்க் கலெக்டரிடம் மனுக் கொடுக்கப் போகிறார்கள். மனுவில் பெயர் இருந்தால் அங்கே வக்கீல், விசாரணை, மீட்பு. பெயர் இல்லாதவன் எங்கேயும் இல்லாதவன்.

புதன்கிழமை மாலை லூர்து என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். “ஆத்தா, ஒங்க வீட்டுப் போஸ்டம்மா அன்னைக்குப் படம் புடிச்சாகளாமே?”

சத்தம் கேட்டு அவள் பின்னறையிலிருந்து வெளியே வந்தாள். “எடுத்தேன்.”

“எங்க வீட்டுக்காரரைப் பாத்தீங்களாம்மா?”

“ஆள் ஏறுறதை எடுத்தேன். முகத்தைப் பார்க்கலை.”

“பாத்தேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதுமே. நீங்க கவுருமெண்டு ஆளு, நம்புவாக.”

“பார்க்காததைப் பார்த்தேன்னு சொல்ல மாட்டேன்.” அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். “ஃபிலிமைக் கழுவணும். வெளிச்சம் படாம இருந்தா, ஏறினது அவர்தான்னா, அவர் உள்ளேதான் இருக்கார்.”

லூர்து கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்கு ஐஸ் கம்பெனியில் பூட்டிவிட்ட மாதிரி இருந்தது.

அன்று ராத்திரி சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை அவள் கதவு வரை போனேன். இரண்டு தடவையும், “தண்ணி வேணுமாம்மா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

வியாழக்கிழமை விடிந்ததும் போட்டுக்காரர் வந்தார். அவள் குளிக்கப் போயிருந்தாள். என்னிடம் மெதுவாக, “ஆத்தா, அந்தக் கேமராவைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க. பாத்துட்டுத் தாரேன்” என்றார்.

“பதினேழு இருக்கு தம்பி. எதுன்னு எனக்கென்ன தெரியும்? பதினேழையும் அள்ளிக்கிட்டுப் போங்க. சர்க்கார் அம்மா போலீஸ்ல பதினேழுக்கும் தனித்தனியா எழுதிக் குடுப்பாக.”

அவர் முறைத்துவிட்டுப் போனார். அவருக்கு அது தெரியாது. அவர் அழிக்க வந்த படத்தை நான் செவ்வாய்க்கிழமையே வெளிச்சம் காட்டி முடித்துவிட்டேன்.

லீவே போடாதவள் அன்று அரை நாள் லீவு போட்டாள். என் குளியலறை ஜன்னலைத் தார்ப்பாயால் மூடினாள். கதவு இடுக்கில் ஈரச் சாக்கைத் திணித்தாள். மருந்துத் தண்ணீர் இரண்டு வாளி. பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று என்னைத்தான் உள்ளே கூப்பிட்டாள். பட்டப்பகலில் அப்படியொரு இருட்டு. என் கையே எனக்குத் தெரியவில்லை. மூடியைத் திருகுகிற சத்தம் கேட்டது. எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம்.

நாடா வாளியில் இறங்கியது. தண்ணீர் அலசுகிற சத்தம் மட்டும்தான். முகம் தெரியாத இடத்தில் வாய் தானாகத் திறந்தது.

“ஏம்மா, ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். யாராச்சும் தெரியாம மூடியைத் தொறந்திருந்தா என்ன ஆகும்?”

அலசுகிற சத்தம் நின்றது.

“எவ்வளவு நேரம் திறந்திருந்ததோ, அவ்வளவு போயிருக்கும்.”

அலசல் மறுபடி ஆரம்பித்தது. நான் எவ்வளவு நேரம் சிரித்தேன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாழாய்ப்போன சிரிப்பு, எனக்குச் சீக்கிரம் அடங்காது.

கழுவினதைக் கொல்லையில் துணிக்கொடியில் காயப்போட்டோம். கடைசியாகப் பிடித்த முனை என் கையில் இருந்தது. அவள் சுருளைப் பிரித்துக்கொண்டே நகர்ந்தாள். கறுப்பு. ஒரு முழம் கறுப்பு. அதற்கப்புறமும் கறுப்பு. லூர்து கொல்லைப்படலைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். நான் நாடாவையே பார்த்தேன். பிரிக்கிறவள் கை நிற்கவில்லை. ஓரிடத்தில் கறுப்பு சாம்பலாக வெளிறியது. ஓரம் மட்டும் கரி பூசின மாதிரி, நடுவில் உளுந்தளவு உளுந்தளவாகக் கட்டங்கள். கைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்தாள்.

“போட்டு இருக்கு” என்றாள்.

பிறகு கறுப்புப் பக்கம் திரும்பி அதன் நீளத்தைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அந்தக் கறுப்பில்தான் நான் சிங்கப்பூர்ச் சேலையோடு குனிந்துகொண்டிருந்தேன். போட்டுக்கு அப்புறம் பிடித்தது என்னை. அதனால் சுருளில் நான் மேலே, போட்டு எனக்கு அடியில். நான் திறந்துவிட்ட வெளிச்சம் முதலில் என்னைத் தின்றது. என்னைத் தின்று முடித்த பிறகுதான் கீழே இறங்கியது.

அந்த ஃபிலிமில் ஒரு பாதியில் ஓட்டிவிட்டுத் திருப்பிப் போட்டு மறு பாதியிலும் பிடிக்கலாமாம். மறு பாதி இன்னும் வெறுமையாக இருந்தது. ஆறு மாதம் காத்திருந்த சுருள். அதைப் பற்றி மூச்சு விடாமல், நீளவாக்கில் நடுவில் வகுந்து, பெட்டியில் வைத்திருந்த படம் ஓட்டுகிற மெசினுக்குத் தோதாக்கினாள்.

நாலு மணிக்கு ஐஸ் கம்பெனியில் ஜன்னல் இல்லாத அறையைக் கேட்டு வாங்கினோம். திரைக்கு மீன் பெட்டியின் தெர்மாக்கோல் மூடி. சங்கத்து ஆள் ஒருவர், லூர்து, நான், அவள். மெசின் ஓடியது. கழுவினது அப்படியே என்பதால் எல்லாம் தலைகீழ் நிறம். வானம் கறுப்பு, கடல் கறுப்பு, ஆட்கள் எல்லாம் வெள்ளைப் பேய்கள். ஒரு பேய் தண்ணீர்க் கேனை இடது தோளில் வைத்துக்கொண்டு வந்தது. வலது கையால் கைலியைத் தூக்கிப் பிடித்திருந்தது. பின்னால் போட்டு நம்பர் பளிச்சென்று தெரிந்தது.

லூர்து என் கையை நசுக்கினாள். “அவருதான்.”

அந்த உருவம் பலகையில் ஒரு காலை வைத்தது. நின்றது. தெருப் பக்கம் திரும்பியது. கை கொஞ்சம் மேலே எழுந்த மாதிரி இருந்தது. அவ்வளவுதான், கறுப்பு வந்து மூடிவிட்டது.

“எங்க வீட்டுப் பக்கம் திரும்பினாரு ஆத்தா. திரும்பினதுக்கப்பறம் என்ன பண்ணுனாரு? கையைக் காட்டுனாரா?” அவள் மெசின் பக்கம் திரும்பினாள். “அம்மா, இன்னொரு தடவை போடுங்கம்மா.”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்த வார்த்தைக்கு என்ன பதில் என்று ஊருக்கே தெரியும்.

சுருள் திரும்பிச் சுற்றுகிற சத்தம் கேட்டது. மறுபடி போட்டாள். லூர்து மறுபடி கேட்டாள், மறுபடி போட்டாள். ஒன்பது தடவை. ஒன்பது தடவையும் அவன் திரும்பினான், ஒன்பது தடவையும் அந்தக் கை பாதியில் நின்றது. அந்த மீதிக் கை எங்கே போனது என்று தெரிந்தவர்கள் அந்த அறையில் இரண்டு பேர். ஒருத்தி மெசினை முறைத்துக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி குளிர் என்று சொல்லி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

நிறுத்தி வைத்தால் விளக்குச் சூட்டில் பொசுங்கிவிடுமாம். அதனால் ஓடும்போதே போனில் பிடித்தாள். போனில் எதையோ அமுக்கினதும் வெள்ளை கறுப்பானது, கறுப்பு வெள்ளையானது. சவரி சவரியானான், பின்னால் போட்டு நம்பரோடு. சங்கத்து ஆள் அதைத் தன் போனுக்கு வாங்கிக்கொண்டார். டோக்கனில் உள்ள பெயரை அடிக்கத் துணியாமல், வெள்ளிக்கிழமை மனுவில் நாலு பெயருக்குக் கீழே ஐந்தாவதாகச் சவரி பெயரை ஏற்றினார்கள். போட்டுக்காரர் அப்புறம் வாய் திறக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து சவரி மற்றவர்களோடு வந்து இறங்கினான். மெலிந்து தாடியோடு இருந்தான். தனியாக அகப்பட்டபோது கேட்டேன். “ஏன்டா, அன்னைக்குப் பலகையில ஏறுறப்ப வீட்டுப் பக்கம் திரும்புனியே, கையைக் காட்டுனியா?”

யோசித்துப் பார்த்தான். “தெரியலை ஆத்தா. ஞாபகம் இல்லை.”

அதற்கடுத்த வருஷம் அவளுக்கு மாற்றல் வந்தது. பதினாறு கேமராவைப் பெட்டியில் அடுக்கினாள். பதினேழாவதை என் கையில் வைத்தாள். நான் திறந்த அந்தக் கேமராதான். பஸ் வந்து நின்றது. படியில் ஒரு காலை வைத்தவள் திரும்பினாள்.

“மூடியை மட்டும் திறக்காதீங்க” என்றாள்.

உள்ளே ஃபிலிம் இருக்கிறதா, வெறும் டப்பாவா, இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. திறந்தால்தானே தெரியும். என்னைக்காவது ஒரு நாள் நான் நிமிர்ந்து நிற்கும்போது எனக்குத் தெரியாமல் எடுத்திருந்தாலும் எடுத்திருப்பாள்.

பஸ் போனதும் தெருப் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“ஆத்தா, ஏறுறப்ப திரும்பி ஒங்ககிட்ட என்னமோ சொன்னாகளே, என்ன?”

“முன்னாடி ஒரு நாள் சொன்னதையே திருப்பிச் சொன்னா” என்றேன்.

“யாரு, ஒரு தடவைக்காரியா? ரெண்டாவது தடவையா? போங்க ஆத்தா, ஒங்க வாயில உண்மை வந்தா மழை கொட்டிரும்.” எல்லோரும் சிரித்தார்கள்.

லூர்து சிரிக்கவில்லை. கிட்டே வந்து என் மடியிலிருந்த கேமராவைத் தொட்டாள். “நெசமாவா ஆத்தா? என்ன சொன்னாக?”

அவள் முகத்தைப் பார்த்தேன். மூடி என்று வாயெடுத்தால், பாதியில் நின்ற அந்தக் கைக்கும் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

“தேங்காப்பால் தண்ணியா இருக்குன்னு சொன்னாடி” என்றேன்.